சிந்து நதிநீர் உடன்படிக்கை – ஒரு மாணவனின் பார்வை

ஆற்றுக்கு மேல்மடை, கடைமடை என்ற இரண்டுதான் தெரியும். நாடு, எல்லை, கொடி எதுவும் அதற்குத் தெரியாது. மேலே இருப்பவன் மதகை அடைத்தால் கீழே இருப்பவன் வயல் காய்கிறது. ஓர் ஊரில் பங்காளிகளுக்குள் இந்தத் தகராறு வந்தால் தீர்த்துவைக்க ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மாநிலங்களுக்குள் வந்தால், நம் காவிரிக்கு நேர்ந்ததுபோல, நடுவர் மன்றமும் உச்ச நீதிமன்றமும் இருக்கின்றன. இரண்டு நாடுகளுக்குள் வந்தால் யாரிடம் போய் முறையிடுவது? அங்கே இருப்பது இரு அரசுகளும் மனமொப்பிப் போட்ட கையெழுத்து ஒன்றுதான்.

அந்தக் கையெழுத்துக்கு வலிமை எவ்வளவு என்று அறியும் ஆவலில் இந்தியாவும் பாகிஸ்தானும் 1960இல் செய்துகொண்ட சிந்து நதிநீர் உடன்படிக்கையைப் படிக்கத் தொடங்கினேன். வரலாறு பயிலும் மாணவனாகிய எனக்கு அது போகப்போகப் பொறியியல் பாடமாக மாறிவிட்டது. இவ்வுடன்படிக்கையின் உயிர் அதன் முன்னுரையில் உள்ள நல்லெண்ண வார்த்தைகளில் இல்லை; பின்னிணைப்புகளில் உள்ள அடிக்கணக்கிலும் கன அடிக்கணக்கிலும் இருக்கிறது என்பதே நான் இங்கே சொல்ல வந்த செய்தி.

கோடு கிழித்த கதை

சிந்து நதி திபெத்தில் பிறந்து, லடாக் வழியே இறங்கி, பாகிஸ்தானின் நீளம் முழுவதும் ஓடி அரபிக்கடலில் கலக்கிறது. ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய ஐந்தும் அதன் கிழக்குப்புறத் துணை நதிகள். பஞ்சாப் என்னும் பெயரே இந்த ஐந்தால் வந்ததுதான். இரு நதிகளுக்கு இடைப்பட்ட நிலத்தை அங்கே 'தோவாப்' என்பர். பியாசுக்கும் ராவிக்கும் இடையிலுள்ள நிலம் 'பாரி தோவாப்'. இரு நதிகளின் பெயரிலிருந்தும் ஓர் எழுத்தை எடுத்துக் கோத்த பெயர் அது. பெயரிலேயே பங்கு கொடுத்துவிட்டார்கள்! ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தத் தோவாப்களில் கால்வாய்கள் வெட்டப்பட்டன. மேய்ச்சல் தரையாகக் கிடந்த நிலங்கள் கோதுமையும் பருத்தியும் விளையும் பூமியாயின.

கால்வாய்களை வெட்டியவர்கள் அந்நிலப்பரப்பை ஒரே நாடாக எண்ணி வெட்டினார்கள். 1947 ஆகஸ்டில் ராட்கிளிஃப் கிழித்த எல்லைக்கோடு அவற்றின் குறுக்கே விழுந்தது. ராவியின் மாதோபூர்த் தலைமதகும் சட்லெஜின் பிரோஸ்பூர்த் தலைமதகும் இந்தியாவின் பக்கம் நின்றன. அவற்றை நம்பியிருந்த வயல்களில் ஒரு பெரும்பகுதி பாகிஸ்தானுக்குப் போயிற்று. மதகு ஒரு நாட்டில், வயல் இன்னொரு நாட்டில்.

பழைய வழக்கப்படியே நீர்விடுவது என்று 1947 டிசம்பரில் ஒரு தற்காலிக ஏற்பாடு செய்துகொண்டார்கள். அது 1948 மார்ச் 31ஆம் நாளோடு காலாவதியாயிற்று. மறுநாளே, ஏப்ரல் முதல் தேதியன்று, கிழக்குப் பஞ்சாப் அரசு தீபால்பூர்க் கால்வாய்க்கும் மேல் பாரி தோவாப் கால்வாயின் பாகிஸ்தான் கிளைகளுக்கும் நீரை நிறுத்திவிட்டது. விதைப்புக்கு நீர் வேண்டிய நேரம். மே 4ஆம் நாள் டில்லியில் ஓர் உடன்பாடு கண்ட பிறகே நிலைமை சீராகத் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு மாதக் காலம்தான். ஆனால் பின்னால் எழுதப்பட்ட உடன்படிக்கையில் பாகிஸ்தான் கேட்டுப்பெற்ற ஒவ்வொரு நிபந்தனைக்கும் பின்னால் அந்த ஏப்ரல் மாதம் நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. காய்ந்த வயலை உழவன் எளிதில் மறப்பதில்லை. நானும் கடைமடைப் பகுதியில் பிறந்தவன்.

பங்கிடுவதா, பிரிப்பதா?

1951இல் அமெரிக்காவிலிருந்து டேவிட் லிலியந்தால் என்பவர் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் வந்தார். அந்நாட்டின் புகழ்பெற்ற டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தின் தலைவராக இருந்தவர். சிந்து ஆற்றுப்படுகை முழுவதையும் ஒன்றாகக் கருதி, அரசியலை ஒதுக்கிவைத்துவிட்டு, இரு நாட்டுப் பொறியாளர்களும் கூடி வளர்க்கலாம் என்று அவர் எழுதினார். உலக வங்கியின் தலைவர் யூஜின் பிளாக் அக்கருத்தைப் பற்றிக்கொண்டு 1952இல் இரு தரப்பையும் பேச்சுக்கு அழைத்தார்.

பேச்சு எளிதில் நடக்கவில்லை. இங்கே அளவைப்பற்றி ஒரு சொல். ஓர் ஏக்கர் வயலில் ஓர் அடி உயரத்துக்கு நீர் நின்றால் அஃது ஓர் ஏக்கர் அடி; 43,560 கன அடிக்குச் சமம். பயன்படுத்தத்தக்க நீரில் தனக்கு 2.9 கோடி ஏக்கர் அடியும் பாகிஸ்தானுக்கு 9 கோடியும் என்றது இந்தியா. இந்தியாவுக்கு 1.55 கோடி, தனக்கு 10.25 கோடி என்றது பாகிஸ்தான். கூடி வளர்ப்பது என்ற அழகிய கனவு இந்தக் கணக்கில் கரைந்துபோயிற்று.

1954 பிப்ரவரியில் உலக வங்கி வேறொரு வழியைச் சொன்னது. நீரைப் பங்கிட வேண்டாம், நதிகளையே பிரித்துவிடலாம் என்பது அதன் யோசனை. கிழக்கு நதிகளான ராவி, பியாஸ், சட்லெஜ் மூன்றும் இந்தியாவுக்கு; மேற்கு நதிகளான சிந்து, ஜீலம், செனாப் மூன்றும் பாகிஸ்தானுக்கு. கூட்டுக் கிணற்றில் முறைவைத்து இறைக்கும் அண்ணன் தம்பிகள் நாள்தோறும் சண்டையிட்டால், ஆளுக்கொரு கிணறு என்று பிரித்துவிடுவது நம் கிராமங்களிலும் உண்டன்றோ? அந்த நியாயம்தான் இது. கிழக்கு நதிகளின் ஆண்டு நீரோட்டம் ஏறத்தாழ 3.3 கோடி ஏக்கர் அடி. மேற்கு நதிகளுடையது ஏறத்தாழ 13.5 கோடி. ஐந்தில் நான்கு பங்கைக் கொடுத்துவிட்டோம் என்று இங்கே குறைபட்டார்கள். பஞ்சாபின் மூன்று நதிகளை இழந்துவிட்டோம் என்று அங்கே குறைபட்டார்கள். இரு பக்கமும் குறை சொல்லும் பாகப்பிரிவினை பெரும்பாலும் நேர்மையானது என்பது என் எண்ணம்.

பேச்சு இன்னும் ஆறு ஆண்டுகள் நீண்டது. 1960 செப்டம்பர் 19ஆம் நாள் கராச்சியில் நேருவும் அயூப்கானும் கையெழுத்திட்டார்கள். உலக வங்கியின் சார்பில் இலிஃப் கையெழுத்திட்டார். கிழக்கு நதிகளை நம்பியிருந்த பாகிஸ்தான் வயல்களுக்கு மேற்கு நதிகளிலிருந்து நீர் கொண்டுவர வேண்டும். அதற்கு இந்தியா 6 கோடியே 20 லட்சத்து 60 ஆயிரம் ஸ்டெர்லிங் பவுன்களைப் பத்துச் சம தவணைகளில் கொடுக்க ஒப்புக்கொண்டது. 1965இல் போர் மூண்ட பிறகும் தவணை தவறவில்லை. மேலைநாடுகள் பலவும் பணம் உதவின. மங்களா அணை 1967இலும் தார்பேலா அணை அதன்பின் 1970களிலும் எழுந்தன. மங்களா நீர்த்தேக்கத்துக்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். அவர்களுள் பலர் பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்குப் போனதால், மீர்ப்பூர் வட்டாரத்து மக்களை இன்றும் அந்நாட்டு ஆலை நகரங்களில் காணலாம். இந்தியப் பக்கத்திலோ பியாசும் சட்லெஜும் கூடும் ஹரிகேயிலிருந்து புறப்படும் கால்வாய் ராஜஸ்தானத்துப் பாலைவனத்துக்குள் நீரைக் கொண்டுசென்றது.

எல்லா நதிகளையும் இப்படிப் பிரித்துவிட முடியாது. கங்கை ஒன்றுதான், அதைப் பிரிக்க வழியில்லை. ஆகவே இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பர் 12இல் 30 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட உடன்படிக்கை, ஜனவரி முதல் மே முடிய உள்ள வறட்சிக் காலத்தில் ஃபராக்காவில் பத்து நாட்களுக்கொரு முறை நீரை அளந்து பங்கிடுகிறது. 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ வந்தால் ஆளுக்குப் பாதி. அங்கே கூட்டுக் கிணறு, இங்கே தனிக் கிணறு.

அடிமதகின் தகராறு

தனிக் கிணறு என்றாலும் ஒரு சிக்கல் எஞ்சியது. பாகிஸ்தானுக்கு விடப்பட்ட மூன்று நதிகளும் இந்தியாவின் கையில் உள்ள மலைகளின் வழியாகத்தான் இறங்குகின்றன. அங்கே இந்தியா குடிநீர் எடுக்கலாம். குறித்த பரப்புக்குப் பாசனம் செய்யலாம். ஓடுகிற நீரைப் பெரிதாகத் தேக்காமல் மின்சாரம் எடுக்கலாம். எவ்வளவு தேக்கலாம், மதகை எந்த உயரத்தில் வைக்கலாம் என்பவற்றையெல்லாம் பின்னிணைப்புகள் வரையறுக்கின்றன. கதையின் சாரம் இங்கேதான் இருக்கிறது.

இமயத்து நதிகள் வண்டலை அள்ளிக்கொண்டு வருபவை. அணையின் அடியில் ஒரு மதகு இருந்தால் அதைத் திறந்து வண்டலை அடித்து வெளியேற்றலாம். இல்லையேல் சில ஆண்டுகளில் தேக்கம் மண்மேடாகிவிடும். இஃது இந்தியப் பொறியாளரின் கவலை. ஆனால் அதே அடிமதகைத் திறந்து தேக்கத்தை வற்றவைத்து, மீண்டும் அடைத்து நிரப்பினால், நிரம்பும்வரை கீழே நீர் குறையும். விதைப்பு நாளில் அப்படிச் செய்தால்? 1948ஐக் கண்ட பாகிஸ்தான் பொறியாளரின் கவலை இது. ஒரே மதகு மேலிருந்து பார்த்தால் துப்புரவுக் கருவி. கீழிருந்து பார்த்தால் ஆயுதம். இரு கவலைகளும் மெய்யானவை என்பதை ஒப்புக்கொள்ளாமல் இந்த வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

செனாப் மீது கட்டிய சலால் அணையில் இந்தத் தகராறு முதலில் முற்றியது. 1978 ஏப்ரலில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இந்தியா அடிமதகுகளை அடைத்துவிட இசைந்தது. விளைவு, தேக்கத்தின் பெரும்பகுதி வண்டலால் தூர்ந்தது. நட்புக்காகக் கொடுத்த விலை என்று இதனைச் சொல்வாரும் உண்டு. அதே நதியில் பக்லிஹார் அணை எழுந்தபோது பாகிஸ்தான் மீண்டும் தடை சொன்னது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரேமண்ட் லாஃபிட் நடுநிலை வல்லுநராக நியமிக்கப்பட்டார். 2007 பிப்ரவரியில் அவர் அளித்த முடிவு வண்டல் நீக்கத்துக்கான மதகுகளை ஏற்றுக்கொண்டது. அணையின் உயரத்தை ஒன்றரை மீட்டர் குறைக்கச் சொன்னது. கிஷன்கங்கா வழக்கிலோ, தேக்கத்தை அடிமட்டத்துக்கும் கீழே வற்றவைத்து வண்டல் அடிப்பது இனிவரும் அணைகளுக்கு ஆகாது என்று நடுவர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. நொடிக்கு 9 கன மீட்டர் நீரையாவது எப்போதும் கீழே விடவேண்டும் என்றும் கூறிற்று. இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆயினும் தகராறு பீரங்கிக்குப் போகாமல் மீட்டர் கணக்கில் நின்றதே, அதைத்தான் இந்த உடன்படிக்கையின் பெருஞ்சாதனை என்பேன்.

இந்த வேலைகளையெல்லாம் தாங்கி நின்றது நிலையான சிந்து ஆணையம். நாட்டுக்கு ஓர் ஆணையர். ஆண்டுக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். நதிகளின் அன்றாட நீர்மட்டமும் நீரோட்டமும் மாதந்தோறும் இரு தரப்புக்கும் பரிமாறப்பட வேண்டும். 1965, 1971, 1999 என மூன்று போர்களைக் கடந்து இந்த ஆணையம் வாழ்ந்தது. மதகின் உயரத்தைப் பற்றிப் பேச இரு பகைநாட்டுப் பொறியாளர்கள் ஒரே மேசையில் அமர்ந்தார்கள் என்பது சிறிய செய்தியன்று.

2025

2016இல் கிஷன்கங்கா, ராட்லே மின்திட்டங்கள் பற்றிப் பாகிஸ்தான் நடுவர் நீதிமன்றத்தைக் கேட்டது. இந்தியா நடுநிலை வல்லுநரைக் கேட்டது. 2022இல் உலக வங்கி இரண்டையுமே ஒருசேரத் தொடங்கிவைத்தது. ஒரே வழக்குக்கு இரண்டு நீதிபதிகள் என்றால் என்னாகும்? நீதிமன்றத்தை இந்தியா ஏற்கவில்லை. 2023 ஜனவரியிலும் 2024 ஆகஸ்டிலும் உடன்படிக்கையைத் திருத்த வேண்டுமென்று அறிவிப்பு அனுப்பியது.

2025 ஏப்ரல் 22இல் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றனர். மறுநாள் இந்தியா உடன்படிக்கையை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. எல்லை தாண்டிய பயங்கரவாதத்துக்கு அளிக்கும் ஆதரவைப் பாகிஸ்தான் நம்பத்தக்க முறையில் கைவிடும்வரை இந்நிலை நீடிக்கும் என்றது. நீரைத் தடுப்பது போர்ச்செயலாகக் கருதப்படும் என்றது பாகிஸ்தான். உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு, இரு நாடுகளும் சேர்ந்து புதிய உடன்படிக்கை செய்துகொண்டாலன்றி இது நீடிக்கும் என்கிறது. நிறுத்திவைப்பது என்ற சொல் அதில் இல்லை. அப்பாவிகளின் உயிருக்கு முன் உடன்படிக்கை பெரிதா என்ற கேள்விக்கு என்னிடம் எளிய விடை இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்பவரைக் குறைகூறவும் மாட்டேன்.

ஆனால் செயலில் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும். மேற்கு நதிகளின் வெள்ளத்தைத் தேக்கிவைக்கும் அளவுக்கு இந்தியாவில் அணைகள் இல்லை. அவற்றைக் கட்டப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே நதி நின்றுவிடாது. உடனே நிற்பது கணக்குதான். எவ்வளவு நீர் வருகிறது, எப்போது மதகு திறக்கும் என்ற செய்தி நிற்கிறது. 2025 மே மாதத்தில் சலாலிலும் பக்லிஹாரிலும் வண்டல் அடித்து வெளியேற்றப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அரை நூற்றாண்டாக எந்த அடிமதகுக்காக வாதாடினார்களோ அதே வேலை, இம்முறை வாதமில்லாமல் நடந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் ஜம்முவில் பெருமழை பெய்து தாவி நதியில் வெள்ளம் பெருகியது. கீழே உள்ள ஊர்களுக்கு ஆபத்து என்று இந்தியா பாகிஸ்தானை எச்சரித்தது. அந்தச் செய்தி ஆணையத்தின் வழியாகப் போகவில்லை. இஸ்லாமாபாத்தில் உள்ள தூதரகத்தின் வழியாகப் போயிற்று.