ஒரு தாய் ஈன்ற இரு மொழிகள்

இலத்தீன் இறந்த மொழி என்பர் சிலர். அஃது இறந்திலது, உருமாறி வாழ்கின்றது. எட்டு என்னும் எண்ணை உரோமர் 'ஒக்தோ' என்றனர். இத்தாலியர் 'ஒத்தோ' என்பர். ஸ்பானியர் 'ஓச்சோ' என்பர். பாலைக் குறித்த 'லாக்தே' என்னும் பேச்சுவழக்குச் சொல்லும் முறையே 'லாத்தே' எனவும் 'லேச்சே' எனவும் ஆயிற்று. இவை தற்செயலான திரிபுகள் அல்ல. ஒரே நெறியிற் சென்ற மாற்றங்கள்.

உரோமப் போர்வீரரும் வணிகரும் நாடெங்கும் பரப்பியது புலவரின் ஏட்டு மொழியன்று. தம் நாவிற் பயின்ற பேச்சு மொழியே. கி. பி. 476இல் மேலைப் பேரரசு வீழ்ந்தபின் நாடுகளிடையே தொடர்பு குன்றியது. பேச்சும் இடந்தோறும் வேறுபட்டது. கற்றோரோ இலத்தீனிலேயே எழுதிவந்தனர்.

இந்நிலையில், 960இல் இத்தாலியின் காப்புவா நகரில் ஒரு காணி வழக்கு நடந்தது. தீர்ப்போலை இலத்தீனில் எழுதப்பெற்றது. சாட்சியம் மட்டும் பேசியவாறே பதியப்பெற்றது. இத்தாலிய மொழியின் மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. பின்னர் தாந்தே தம் பெருங்காவியத்தைத் தொஸ்கானிய மக்கள் மொழியிற் பாடினார். மக்கள் மொழியின் மாண்பை நிறுவ அவர் எழுதிய நூலோ இலத்தீனில் அமைந்தது. கற்றோரை அவர்தம் மொழியாலேயே தெளிவிக்க வேண்டியிருந்தது போலும்! ஆயினும், 1861இல் இத்தாலி ஒரே அரசானபோதும் இத்தாலிய மொழியைப் பேசினோர் மிகச் சிலரே. பள்ளியும் படைச்சேவையும், பின்னர் வானொலியும் தொலைக்காட்சியுமே அதனை வீடுதோறும் சேர்த்தன.

ஸ்பானியம் சென்ற வழி வேறு. வடபுலத்துக் கஸ்தீல் நாட்டின் பேச்சாகிய அதனைப் பத்தாம் அல்பொன்சோ மன்னர் (1252–1284) சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் வானநூலுக்கும் உரிய மொழியாக்கினார். 1492இல் நெப்ரிகா அதற்கு இலக்கணம் வகுத்து இசபெல் அரசியார்க்குப் படைத்தார். அவ்வாண்டிலேயே கொலம்பசும் கடல் கடந்தார். அரசாணையுடனும் படையுடனும் சென்ற அம்மொழி இன்று ஏறத்தாழ இருபது நாடுகளில் ஆட்சிமொழியாய் விளங்குகின்றது. அதன் நிழலிற் பல தொல்குடி மொழிகள் மறைந்தன. கெச்சுவா போன்றவை இன்றும் நிலைத்துள்ளன.

ஒன்றைப் பெரிதும் எழுதுகோல் வளர்த்தது. மற்றொன்றைச் செங்கோல் பரப்பியது. இரண்டும் ஒருகாலத்தில் 'கொச்சை' என்று கற்றோர் ஒதுக்கிய பேச்சுகளே. மாணவர்காள்! பாமரர் நாவிற் பிறக்கும் சொல்லை எள்ளற்க. நாளைய இலக்கியத்தின் வித்து அதனுள் இருத்தல் கூடும்.