ஆடுகளத்தில் பிள்ளைகளுக்குக் காவல் யார்?

விலங்கியல் படிக்கும் இரண்டாமாண்டு மாணவிக்கு விளையாட்டுப் பயிற்சியிலும் சட்டத்திலும் என்ன வேலை என்று பேராசிரியப் பெருமக்கள் வினவக்கூடும். ஒரு தாள்தான் காரணம். சென்ற ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை, கபடிப் பயிற்சி முகாமுக்குப் பெற்றோர் இசைவு கேட்டு அச்சிடப்பட்ட தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். வெளியூரில் பதினைந்து நாள் தங்கிப் பயிற்சி. எங்கள் தந்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. "எங்கம்மா போடணும்?" என்று கேட்டுப் பேனாவை ஊன்றினார். இடத்தைக் காட்டுவதற்காகவே அத்தாளை வாங்கினேன். வாங்கியவள் படித்தும் பார்த்தேன். காயம் ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பன்று. நகையும் பணமும் காணாமற் போனால் நிர்வாகம் பொறுப்பன்று. பிள்ளையை அழைத்துச் செல்பவர் யார், இரவில் உடன் தங்குபவர் யார், ஏதேனும் நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

"கொஞ்சம் பொறுங்கப்பா" என்றேன்.

"ஏம்மா, சாரையே சந்தேகப்படுறியா? நம்ம புள்ளைக்கு ஷூ வாங்கிக் குடுத்தவரும்மா அவரு."

அன்றிரவு அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. எனக்கு அவர்மேல் சந்தேகமும் இல்லை. ஆயினும் ஒரு முகம் நினைவுக்கு வந்தது. பள்ளியில் எங்களோடு ஓடிய தோழி ஒருத்தி. எண்ணூறு மீட்டரில் அவளை முந்த எங்கள் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. வெளியிலிருந்து வந்து பயிற்சி தந்த ஒருவர், அவளுக்கு மட்டும் விடியற்காலையில் தனிப் பயிற்சி என்றார். எங்களுக்கெல்லாம் பொறாமை. மூன்று மாதங் கழித்து அவள் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். தலைக்கனம் என்றோம் நாங்கள். சோம்பேறி என்றார் ஆசிரியர். "வயசுக்கு வந்த புள்ள, நல்லதாப் போச்சு" என்றார் அவளுடைய பாட்டி. என்ன நடந்தது என்பதை நான் அறியேன். ஒன்றுமே நடவாமலும் இருந்திருக்கலாம். ஊகித்து எழுதுவது அவளுக்கும் முறையன்று, அம்மனிதருக்கும் முறையன்று. "ஏன்டி வரல?" என்று எங்களில் ஒருவர்கூட அவளைக் கேட்கவில்லை என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

அதன் பின்னர் இப்பொருள் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கலானேன். அவற்றுள் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வழக்கை மட்டும் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். ஏனெனில், "நல்லவரா கெட்டவரா என்று பார்த்தால் தெரியாதா?" என்று கேட்போர்க்கு அதைவிடத் தெளிவான விடை கிடையாது.

லாரி நாசர் என்பவர் அந்நாட்டு மகளிர் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர். தேசிய அணியின் பயிற்சி முகாம் டெக்சாஸ் மாநிலத்தில், நகரத்துக்கு வெகு தொலைவில், காட்டுக்கு நடுவே நடந்தது. பெற்றோர் அங்குத் தங்க அனுமதியில்லை. பயிற்சி கடுமை, உணவு அளவு. அங்கே சிரித்துப் பேசியவரும், ஒளித்து வைத்து இனிப்புத் தந்தவரும் இந்த மருத்துவர் ஒருவர்தாம் என்று அப்பெண்கள் பின்னாளில் கூறினர். சிகிச்சை என்ற பெயரால் அவர் செய்தவை பல ஆண்டுகள் நீடித்தன. 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றம் ஒன்றில் 156 பெண்களின் வாக்குமூலங்கள் ஏழு நாள் கேட்கப்பட்டன. 40 முதல் 175 ஆண்டு வரை அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

என்னை உறங்கவிடாமல் செய்த செய்தி இவ்வழக்கில் ஒன்றுண்டு. 2016 செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் நாளிதழ் வழியே முதன்முதலில் தம் பெயரைச் சொல்லிக் குற்றஞ்சாட்டியவர் ரேச்சல் டென்ஹாலண்டர். 2000ஆம் ஆண்டு, 15 வயதில், முதுகுவலிக்காக அம்மருத்துவரிடம் சென்றார். அவருடைய தாய் அதே அறையில்தான் இருந்தார்! மருத்துவர் தாயின் பார்வை படாதபடி தம் உடலால் மறைத்துக்கொண்டு நின்றார். எங்கள் தந்தை முகாமுக்கே உடன் சென்றாலும் என்ன பயன் என்று அன்று எண்ணினேன். உடனிருப்பது மட்டும் போதாது. இந்தச் சிகிச்சையில் எங்கே தொடுவார்கள், எங்கே தொட வேண்டியதில்லை என்பது பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும், உடன் வந்தவர்க்கும் தெரிந்திருக்க வேண்டும், "ஏன்?" என்று கேட்கும் துணிவும் வேண்டும். எங்களைப் போன்ற வீடுகளில் டாக்டரிடமும் வாத்தியாரிடமும் ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை. வெள்ளைச் சட்டை போட்டவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது நம் பெற்றோரின் கணக்கு.

அப்பெண்கள் வாய் திறக்கவில்லை என்று யாரும் கூற இயலாது. 1997ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஒருவரிடம் தாங்கள் முறையிட்டதாக இருவர் பின்னர் தெரிவித்தனர். 2014இல் ஒரு பட்டதாரிப் பெண் புகார் அளித்தார்; பல்கலைக்கழகம் விசாரித்து, அது முறையான சிகிச்சையே என்று முடித்துவிட்டது. 2015 ஜூலையில் நாட்டின் மத்தியப் புலனாய்வுத் துறைக்கே செய்தி எட்டியது. அதன் பின்னும் ஓராண்டுக்கு மேல் அவர் பல்கலைக்கழகத்தில் நோயாளிகளைப் பார்த்து வந்தார். அத்துறை செய்த தவறுகளை அமெரிக்க நீதித்துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் 2021 ஜூலையில் அறிக்கையாக வெளியிட்டார். சொல்வதற்கு வாய் இருந்தது. கேட்பதற்கென்று கடமைப்பட்ட காது இல்லை. கேட்டவர் ஒவ்வொருவரும் மருத்துவரின் நற்பெயரைத் தட்டில் வைத்து எடைபோட்டனர்.

பையன்களுக்கு இந்த ஆபத்து இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2016 நவம்பரில் இங்கிலாந்தின் முன்னாள் கால்பந்து வீரர் ஆண்டி உட்வர்ட், சிறுவனாக இருந்தபோது தம் பயிற்சியாளரால் நேர்ந்ததைச் செய்தித்தாளுக்கு வெளிப்படையாகக் கூறினார். அடுத்த சில வாரங்களில் நூற்றுக்கணக்கான ஆண்கள் அதுபோன்றே முன்வந்தனர். பலர் நாற்பதும் ஐம்பதும் கடந்தவர்கள். அத்தனை ஆண்டுகள் மனைவியிடமும் சொல்லாதிருந்தவர்களும் அவர்களில் உண்டு.

நம் நாட்டு நிலைக்கு வருவோம்

2021 மே மாதத்தில் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்ட செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். ஒருவர் பேசியபின், முன்பு பயிற்சி பெற்ற பிறரும் புகார் கூற முன்வந்தனர். போக்சோ எனப்படுவது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012இல் இயற்றப்பட்ட சட்டம். 18 வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலரும் அதில் அடங்குவர். பிள்ளையின் நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர் செய்யும் குற்றத்துக்குத் தண்டனை கூடுதல்.

இச்சட்டத்தில் நம்மைப் போன்றோர் அறிய வேண்டிய பிரிவு 19. குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், தெரிந்தவர் எவராயினும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நடந்த குற்றத்தை மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தம்கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது அதற்காக வழக்குத் தொடர இயலாது. "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நாமே பேசி முடித்துக்கொள்வோம்" என்று சொல்பவர் இரக்கமுள்ளவராகத் தோன்றலாம். சட்டத்தின் கண்ணில் அவர் குற்றவாளி.

"போலீஸ் ஸ்டேஷன் வாசல மிதிக்கணுமே" என்று நம் தாய்மார் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். எங்கள் தெருவில் அது அனுபவத்தால் வந்த அச்சம். ஆனால் பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அப்பிள்ளை விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும் என்பதும், இயன்றவரை பெண் அலுவலர் பதிய வேண்டும் என்பதும், அவ்வேளையில் அவர் சீருடையில் இருக்கலாகாது என்பதும் சட்டத்திலேயே உள்ளன. இரவில் எக்காரணம் கொண்டும் பிள்ளையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளையின் பெயரையோ படத்தையோ செய்தித்தாள் வெளியிடக் கூடாது. இவற்றை என் தாயிடம் படித்துக் காட்டினேன். "இதெல்லாம் இருக்குதா?" என்று இரண்டு முறை கேட்டார்.

இனித் தொடுதல் பற்றி. கபடியில் தொடாமல் ஆட்டமே இல்லை. கணுக்காலைப் பிடிப்பது, இடுப்பை வளைத்துப் பிடிப்பது, மேலே விழுந்து அமுக்குவது எல்லாம் ஆட்டத்தின் உயிர். தொடவே கூடாது என்று விதி செய்தால் சங்கிலி பிடிக்கக்கூடக் கற்றுத்தர இயலாது என்று ஒரு பயிற்சியாளர் என்னிடம் சலித்துக்கொண்டார். அவர் சொல்வதிலும் உண்மையுண்டு. ஆனால் பிடியைக் காட்ட அவரே பிடிக்க வேண்டியதில்லை. இரண்டு ஆட்டக்காரரை நிறுத்தி, வாயால் சொல்லி, அவர்களைக் கொண்டே செய்விக்கலாம். திருத்தியே ஆக வேண்டுமெனில், "உன் தோளைப் பிடித்துத் திருப்பப் போகிறேன், சரியா?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டுவிட்டுத் தொடலாம். கேட்டால் மரியாதை குறையும் என்று அஞ்சுவோர் உண்டு. எனக்கு அப்படிக் கேட்ட ஆசிரியை ஒருவர் இருந்தார்; இன்றும் அவரைக் கண்டால் நான் எழுந்து நிற்கிறேன்.

பதினெட்டைக் கடந்த நமக்குப் போக்சோ பொருந்தாது. பெண்களுக்கு 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் உண்டு. விளையாட்டுப் பயிற்சி நிலையம், மைதானம், போட்டி நடக்கும் இடம் ஆகியவையும் அச்சட்டத்தில் பணியிடம் என்றே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் முறையிட வேண்டும். 2023இல் மல்யுத்த வீராங்கனையர் டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். அதன்பின்தான் எத்தனை விளையாட்டுச் சம்மேளனங்களில் இக்குழு முறையாக இல்லை என்பது வெளியாயிற்று. தேசிய மனித உரிமை ஆணையம் அவ்வாண்டு மே மாதம் பல சம்மேளனங்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. கல்லூரி அணிகளில் ஆடும் தோழியரே, நம் கல்லூரிக் குழுவின் உறுப்பினர் யார் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் இக்கட்டுரை எழுதத் தொடங்கும்வரை தெரியாது.

வயது வந்தும் பிள்ளையுள்ளம் மாறாதவர்களின் நிலை இதனினும் கடினம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில், அறிவுசார் குறைபாடு உடையோர்க்கான ஓட்டப் போட்டி ஒன்றில் உதவச் சென்றோம். முப்பது வயதிருக்கும் அண்ணன் ஒருவர்; யார் கையை நீட்டி வா என்றாலும் சிரித்துக்கொண்டே உடன் சென்றார். அன்று மாலைக்குள் எத்தனை பேர் அவரை எங்கெங்கு அழைத்துச் சென்றனர் என்று கேட்டால் எங்களால் சொல்ல முடியாது. மனவளர்ச்சி ஆறு வயது அளவேயாயினும், போக்சோவில் வயது என்பது பிறந்த வயதே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பொதுக் குற்றச் சட்டமும் காவல். ஆனால் புகாரைச் சொல்லத் தெரியாதவர்க்குப் புகாருக்குப் பிந்திய சட்டம் எவ்வளவு உதவும்? யார் அழைத்துச் சென்றார், எப்போது திரும்பினர் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்தால் அன்று அதுவே பெரிய காவலாயிருக்கும். நாங்கள் எழுதவில்லை.

தாளின் மறுபக்கம்

தங்கை கொண்டுவந்த தாளின் பின்புறத்தில் நான்கு கேள்விகளை எழுதினேன். போகவர எந்த வண்டி, உடன் வரும் ஆசிரியை யார்? இரவில் பெண் பிள்ளைகளின் அறைப் பொறுப்பு யாருக்கு? தனிப் பயிற்சி உண்டா, உண்டெனில் பிறர் பார்க்கும் இடத்திலா? நான்காவது: பயிற்சியாளர் மேலேயே குறை இருந்தால் யாரிடம் சொல்வது?

தந்தையையும் அழைத்துக்கொண்டு சென்றேன். அப்பா மைதானத்து வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார். பயிற்சியாளர் தாளைப் படித்தார், முகம் மாறியது.

"என்னப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?"

"இல்ல சார். எந்த முகாமா இருந்தாலும் கேக்க வேண்டியதுதான் சார்."

வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதினார். நான்காவதில் பேனா நின்றது. "இது எனக்கே தெரியலியேம்மா" என்றார். சினத்தோடு சொல்லவில்லை, உண்மையாகவே தெரியாதவராகச் சொன்னார். அந்த இடத்தில் நான் 1098 என்று எழுதினேன், குழந்தைகள் உதவி எண். அவர் அதைப் பார்த்துத் தலையசைத்தார். மரத்தடியிலிருந்த அப்பா வந்து கையெழுத்திட்டார்.

தங்கை பதினைந்து நாளும் இரவில் அந்த ஆசிரியையின் கைப்பேசியிலிருந்து பேசினாள். சாம்பாரில் உப்பில்லை, கணுக்கால் பிடி நன்றாக வருகிறது. இவ்வாண்டு முகாமுக்கு வந்த தாளை நேற்றுக் காட்டினாள். முதல் மூன்று கேள்விகளும் விடையோடு அச்சில் வந்திருக்கின்றன. நான்காவதுக்கு நேரே ஒரு கோடு போட்டு வெற்றிடமாக விட்டிருக்கிறார்கள்.