கீசர் குமிழை எங்கே நிறுத்துவது?

மார்கழிக் குளிருக்குப் பயந்து கீசர் குமிழைக் கடைசிவரை திருப்பிவிடாதீர்கள். 60 டிகிரி செல்சியஸ் நீர் பட்டால், பெரியவர்களின் தோலே சுமார் 5 விநாடிகளில் ஆழமாக வெந்துவிடும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இன்னும் சீக்கிரம். 50 டிகிரியில் அதே காயம் ஏற்படச் சில நிமிடங்கள் ஆகும். கையை இழுத்துக்கொள்ள அவகாசம் உண்டு.

அதற்காக 40-க்கு இறக்கவும் கூடாது. தொட்டியில் தேங்கும் வெதுவெதுப்பான நீரில்தான் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். வீடு பல நாள் பூட்டிக்கிடந்ததா? ஒருமுறை 60-க்கு மேல் நன்றாகக் காயவிட்டு, அந்த நீரை ஷவரில் அல்லாமல் குழாய் வழியே வெளியேற்றிவிட்டு, மறுபடி 50-க்கு வாருங்கள்.

குமிழில் எண் இல்லாவிட்டால், விளக்கு அணைந்ததும் கொஞ்சம் வெந்நீர் பிடித்துச் சமையல் தெர்மாமீட்டரால் அளக்கலாம். காய்ச்சல் பார்ப்பதை எடுத்துவிடாதீர்கள். அது 42 டிகிரியோடு சரி.

குமிழை ஏற்றாமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு: போர் தண்ணீர் வீடுகளில் சூடு ஏற ஏற கீசருக்குள் உப்புப் படிவும் கூடும்.

பக்கெட்டில் எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு. கீசர் காயும்போது பாதுகாப்பு வால்வில் நீர் சொட்டினால் துணி கட்டி அடைக்காதீர்கள். உள்ளே ஏறும் அழுத்தம் வெளியேற அதுதான் வழி.