தேரோடும் வீதியில் ஓர் அரசியல் பாடம்

ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் இலவச தானியமும் கொலோசியத்தில் வேடிக்கையும் கொடுத்து ஜனங்களைக் கையில் வைத்திருந்தார்கள் என்று படித்திருப்பீர்கள். அதே பாடம் நம்ம மதுரையிலும் உண்டு, கொஞ்சம் வேறு தினுசில்.

சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதிகளில் ஏன் ஓடுகிறது? யோசித்ததுண்டா? மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில்தான் நடந்ததாம். திருமலை நாயக்கர் (1623-1659) அதைச் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். தேனூரில் வைகையில் இறங்கிய அழகரும் மதுரைக்கே வந்துவிட்டார். அறுவடை முடிந்து கையில் காசும் ஓய்வும் இருக்கிற மாதம். வடம் பிடிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. சைவம், வைணவம், பட்டிக்காடு, பட்டணம் எல்லாம் ஒரே ஆற்று மணலில்! ராஜாவுக்கு வேறென்ன வேணும்?

அதைவிடக் கெட்டிக்காரத்தனம் எட்டாம் நாள் பட்டாபிஷேகத்தில் இருக்கிறது. செங்கோல் அம்மனுக்குப் போகும். அவள் பிரதிநிதியாக மன்னர் அதை வாங்கிக்கொள்வார். வரி வாங்குவது நாயக்கர், ஆள்வதோ மீனாட்சி! எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? சித்திரை முதல் ஆவணி வரை அம்மன் ஆட்சி என்று நம்ம பாட்டிமார் இன்றும் சொல்வது இதன் மிச்சம்தான்.

ஆனால் அந்த ராணியின் குடிகள் எல்லாருமே அவள் சன்னதிக்குள் போக முடிந்ததா? தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அந்த வாசல் திறந்தது 1939 ஜூலை 8-ல். கக்கன் உள்ளிட்ட சிலரை வைத்தியநாதய்யர் உள்ளே அழைத்துப் போனார். சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.