ஊருக்கு வரும் பணம் ஊரில் தங்குமா?



எங்கள் எழுத்தறிவு மையம் பள்ளிக்கூடத் திண்ணையில் நடக்கிறது. மாலை 7 மணிக்கு வகுப்பு. ஒரு நாள், வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர் ஒரு தாளைக் கொண்டு வந்தார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. நானும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். பாதிதான் புரியுது" என்றார்.

அது நிலம் விற்பதற்கான ஒப்பந்தம். எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. மேலே ஓர் அருவி உண்டு. அதைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். ஒரு தரகர் வந்து, "இங்கே பெரிய தங்கும் விடுதி வரப் போகிறது. ஊரே பணக்கார ஊராகிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு இருப்பது 60 சென்ட் நிலம். கையெழுத்துப் போட இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"ஊருக்குப் பணம் வரும்னு சொல்றாங்க. வர்ற பணம் நம்ம ஊர்ல நிக்குமா, தம்பி?" என்று அக்கா கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்தேன். படித்ததை வகுப்பில் சொன்னேன். அதையே இந்தப் பாடமாக எழுதியிருக்கிறேன்.

ஓட்டைக் குடம்

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். இது புரிந்துகொள்வதற்கான உதாரணக் கணக்குத்தான்.

ஊருக்கு ஒரு விருந்தினர் வருகிறார். ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் செலவு செய்கிறார்.

அவர் ஒரு பெரிய விடுதியில் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி நகரத்தில் இருக்கிறார். அரிசி, காய்கறி, பால், முட்டை எல்லாம் நகரத்திலிருந்து வண்டியில் வருகின்றன. மேலாளரும் சமையல்காரரும் வெளியூர்க்காரர்கள். காவலும் கூட்டும் வேலையும் மட்டும் ஊர் ஆட்களுக்கு. கூலியாக 120 ரூபாய் ஊருக்குக் கிடைக்கிறது. இளநீர் விற்ற வகையில் 30 ரூபாய் கிடைக்கிறது. ஆக மொத்தம் 150 ரூபாய். மீதி 850 ரூபாய் வந்த வழியே போய்விடுகிறது.

இப்போது அதே விருந்தினர் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகை 400 ரூபாய். சாப்பாட்டில் ஊர் அரிசிக்கும் காய்க்கும் சமைத்த கூலிக்கும் 250 ரூபாய். அருவிக்கு அழைத்துப் போன இளைஞருக்கு 150 ரூபாய். மொத்தம் 800 ரூபாய் ஊரில் நிற்கிறது. எண்ணெய், மளிகை, சோப்பு வாங்கிய வகையில் 200 ரூபாய்தான் வெளியே போகிறது.

முதல் விடுதிக்கு 100 பேர் வந்தால் ஊருக்கு 15,000 ரூபாய். வீடுகளுக்கு 20 பேர் வந்தாலே ஊருக்கு 16,000 ரூபாய்.

கணக்கைக் கேட்டதும் வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். "ஓட்டைக் குடத்துல எத்தனை தண்ணி ஊத்தினா என்ன?" என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னதுதான் இந்தப் பாடத்தின் சாரம். எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணக் கூடாது. வந்த பணத்தில் எவ்வளவு ஊரில் தங்கியது என்று பார்க்க வேண்டும்.

ஆனால் எல்லோரிடமும் வாடகைக்கு விட அறை இல்லையே? பெரிய விடுதி ஏற்கெனவே வந்துவிட்டால் என்ன செய்வது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நம் நாட்டிலேயே பதில் தேடிய ஊர்கள் உண்டு.

குமரகம் அடைத்த ஓட்டை

கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்தில் இருக்கிறது குமரகம். வேம்பநாட்டுக் காயலின் கரையில் உள்ள ஊர். நெல் வயல், தென்னை, மீன்பிடி, கயிறு திரித்தல் இவைதான் பழைய தொழில்கள். 1990-களில் அங்கே பெரிய விடுதிகள் வந்தன. 2000-ஆம் ஆண்டின் கடைசியில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் ஓய்வெடுக்க அங்கே போனார். ஊரின் பெயர் நாடெங்கும் பரவியது.

பெயர் பரவியது. நிலத்தின் விலையும் ஏறியது. ஆனால் ஊர் மக்களுக்கு மனக்குறை இருந்தது. விளைநிலங்கள் கைமாறின. சில வயல்கள் தரிசாகக் கிடந்தன. காயலுக்குப் போகும் வழி அடைபடுகிறது என்று மீனவர்கள் முறையிட்டார்கள். விடுதிச் சமையலறைக்கோ காய்கறி வெளியிலிருந்து வந்தது.

2008-ஆம் ஆண்டு கேரள அரசு 'பொறுப்புள்ள சுற்றுலா' என்ற திட்டத்தை நான்கு இடங்களில் தொடங்கியது. அவற்றில் ஒன்று குமரகம். மற்றவை கோவளம், தேக்கடி, வயநாடு. குமரகத்தில் ஊராட்சி, விடுதிக்காரர்கள், குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். குடும்பஸ்ரீ என்பது 1998-இல் கேரள அரசு தொடங்கிய பெண்கள் அமைப்பு. நம் ஊர் மகளிர் குழுவைப் போன்றது.

பேசி முடித்தது இதுதான். பெண்கள் குழுக்கள் காய்கறி பயிரிட வேண்டும். விடுதிகள் அதை வாங்க வேண்டும். விலையை ஒரு குழு நிர்ணயிக்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்வது எளிதல்ல. விடுதிக்குத் தினமும் காய் வேண்டும். இன்று ஒரு கூடை, நாளை ஒன்றுமில்லை என்றால் அவர்கள் பழைய வியாபாரியிடமே போய்விடுவார்கள். ஆகவே எந்த மாதம் எந்தக் காய் என்று முன்கூட்டியே திட்டம் போட்டார்கள். தரிசாகக் கிடந்த நிலத்தில் சிலவற்றில் மறுபடியும் பயிர் ஏறியது.

இன்னொரு வேலையும் நடந்தது. கயிறு திரிப்பது, தாழை ஓலையில் பாய் முடைவது, மீன் பிடிப்பது ஆகியவற்றை விருந்தினருக்குச் சுற்றிக் காட்டினார்கள். தொழிலைச் செய்து காட்டும் குடும்பத்துக்கு அதற்கான பணம் கிடைத்தது. 2017-இல் இந்தத் திட்டத்தை மாநிலம் முழுவதும் நடத்தத் தனி இயக்கமே அமைக்கப்பட்டது.

விடுதி முதலாளி மாறவில்லை. ஆனால் குடத்தின் ஓட்டைகளில் ஒன்று அடைபட்டது.

முறை வைத்துக்கொண்ட ஊர்

அடுத்து நாட்டின் வடக்குக் கோடிக்குப் போவோம். லடாக்கில் லே நகருக்கு அருகே ரும்பாக் என்ற சிற்றூர் இருக்கிறது. உயர்ந்த மலை. கடுங்குளிர். சில வீடுகளே உள்ள ஊர். மக்கள் வாற்கோதுமை பயிரிடுகிறார்கள். ஆடு மாடு வளர்க்கிறார்கள்.

அந்த மலையில் பனிச்சிறுத்தை உண்டு. அது இரவில் பட்டிக்குள் புகுந்தால் ஒரே நேரத்தில் பல ஆடுகளைக் கொன்றுவிடும். ஒரு குடும்பத்தின் சேமிப்பே போய்விடும். அதனால் மக்கள் பனிச்சிறுத்தையைப் பகையாகப் பார்த்தார்கள். பழி வாங்கக் கொல்வதும் உண்டு.

2002-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பின் உதவியோடு அங்கே வீட்டுத் தங்கல் தொடங்கியது. மலை ஏற வருபவர்கள் ஊர்க்காரர் வீட்டிலேயே தங்குவார்கள். அந்த வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிடுவார்கள். வீட்டுப் பெண்களே இதை நடத்துகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, முறை. விருந்தினர் வந்தால் இன்று இந்த வீடு, நாளை அடுத்த வீடு என்று முறை வைத்துக்கொண்டார்கள். நாம் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது போலத்தான். வழியோரத்து வீடு மட்டும் கொழிக்கவில்லை. பொறாமைக்கும் இடம் குறைந்தது. இரண்டாவது, பொது நிதி. கிடைத்த வருமானத்தில் சுமார் 10 சதவீதத்தை ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்கினார்கள். குப்பை அகற்றுதல் போன்ற ஊர் வேலைகளுக்கும் இயற்கையைக் காக்கும் வேலைகளுக்கும் அது பயன்பட்டது.

அந்தப் பகுதியில் ஆட்டுப் பட்டிகளுக்குக் கம்பி வலையால் கூரை போட்டார்கள். ஆடுகள் பிழைத்தன. இப்போது பனிச்சிறுத்தையைப் பார்க்கவே குளிர்காலத்தில் ஆட்கள் வருகிறார்கள். பகையாக இருந்த மிருகம் வருமானத்துக்கு வழியாகிவிட்டது.

ஒற்றைக் காலில் நிற்காதே

சுற்றுலா நல்ல வருமானம்தான். ஆனால் அது வானம் பார்த்த பூமி மாதிரி. வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. சுற்றுலா படுத்துவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனா நோய்க்காக நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. விடுதிகள் மூடின. படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. படகையும் விடுதியையும் மட்டுமே நம்பியவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். அப்போதும் நிலத்தில் காய் காய்த்தது. மாடு பால் கறந்தது. அவை இருந்தவர்கள் வீட்டில் சோறாவது இருந்தது.

ஆகவே சுற்றுலாவை இன்னொரு தொழிலாக வைத்துக்கொள்ளலாம். நிலத்தை விற்றுவிட்டு அதை மட்டுமே நம்பக் கூடாது. நாற்காலிக்கு நான்கு கால் வேண்டும். ஒரு கால் உடைந்தாலும் சாயாமல் பிடித்துக்கொள்ளலாம்.

தண்ணீரும் சொத்துதான்

லடாக்கில் லே நகரில் ஆண்டு மழை சுமார் 10 சென்டிமீட்டர்தான். அங்குள்ள பழைய வீடுகளில் தண்ணீர் தேவைப்படாத உலர் கழிப்பறை உண்டு. கழிவின் மேல் மண் போடுவார்கள். அது மக்கி வயலுக்கு எருவாகும். சுற்றுலா பெருகியபின் விடுதிகள் பெருகின. தண்ணீர் ஊற்றும் கழிப்பறைகள் வந்தன. ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. இப்போது தண்ணீர்க் கவலை அந்த நகரத்தை வாட்டுகிறது.

விருந்தினர் தரும் ரூபாயை எண்ணுகிறோம். அவர்களுக்காகச் செலவாகும் தண்ணீரையும் சேரும் குப்பையையும் எண்ணுவதில்லை. கிணறு வற்றினால் அந்த நட்டம் விடுதிக்காரருக்கு மட்டும் அல்ல. ஊருக்கே நட்டம்.

நாம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

உங்கள் ஊருக்குச் சுற்றுலா வந்தால் இவற்றைக் கேளுங்கள்.

1. நிலம் யார் பெயரில் இருக்கும்? விற்பனையா, குத்தகையா? குத்தகை என்றால் எத்தனை ஆண்டு?
2. வேலை யாருக்கு? காவல் வேலை மட்டுமா? பயிற்சி கொடுத்து மற்ற வேலையும் தருவார்களா?
3. அரிசி, காய், பால் எங்கே வாங்குவார்கள்?
4. தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள்? கழிவும் குப்பையும் எங்கே போகும்?
5. ஊர்ப் பொதுவுக்கு என்ன கிடைக்கும்?

வாய் வார்த்தை போதாது. பதிலை எழுத்தில் கேளுங்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கைநாட்டும் வைக்காதீர்கள். பொதுவான விஷயங்களைக் கிராம சபையில் பேசுங்கள். அங்கே பேசும் உரிமை உங்களுக்கு உண்டு.

அக்கா என்ன செய்தார்?

பத்தாம் நாள் தரகர் வந்தார். "இப்போ விக்கிறதா இல்லை. குத்தகைன்னா வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்றார் அக்கா. தரகர் முகம் கொடுக்காமல் போய்விட்டார்.

பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு பேர் விற்றுவிட்டார்கள். ஒருவருக்கு மகள் கல்யாணக் கடன். இன்னொருவருக்கு மருத்துவச் செலவு. அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது?

எனவே விடுதி எப்படியும் வரும் போலிருக்கிறது. அக்கா சும்மா இருக்கவில்லை. மகளிர் குழுவில் பன்னிரண்டு பேரைச் சேர்த்தார். "விடுதிக்கு வேண்டிய கீரை, கத்திரி, வெண்டை, பால் ஆகியவற்றை எங்கள் குழுவிடம் வாங்க வேண்டும்" என்று கிராம சபைக்கு ஒரு மனு எழுதினார்கள். எழுத்துப் பிழை நான்கு இருந்தது. வகுப்பிலேயே திருத்தினோம். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர்கூட மைப்பெட்டியைத் தேடவில்லை.

மனு என்ன ஆகும் என்று இன்னும் தெரியாது. அடுத்த கிராம சபைக்கு நாங்கள் எல்லோரும் போகிறோம்.

பேசுவோம்

1. உங்கள் ஊருக்கு வெளியூர் ஆட்கள் எதற்காக வருகிறார்கள்? கோவிலுக்கா, சந்தைக்கா, மலைக்கா?
2. அவர்கள் செலவழிக்கும் பணம் யார் கையில் சேருகிறது?
3. ரும்பாக் ஊரில் முறை வைக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?
4. அக்காவின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கணக்குப் போடுவோம்

ஒரு விருந்தினர் 600 ரூபாய் செலவு செய்கிறார். அதில் 450 ரூபாய் ஊரில் தங்குகிறது. வெளியே போவது எவ்வளவு? இப்படி 10 பேர் வந்தால் ஊரில் தங்கும் பணம் எவ்வளவு?

எழுதிப் பழகுவோம்

உங்கள் குழு விளைவிக்கும் ஒரு பொருளை வாங்கிக்கொள்ளும்படி பக்கத்து ஊர் உணவுக்கடைக்கு ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள்.

சொற்பொருள்

ஒப்பந்தம் – இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதும் தாள்
குத்தகை – நிலத்தை விற்காமல், பணம் பெற்றுக்கொண்டு சில காலம் பயன்படுத்த விடுவது
தரிசு – பயிர் செய்யாமல் கிடக்கும் நிலம்
நிர்ணயித்தல் – இவ்வளவு என்று முடிவு செய்தல்
காயல் – கடலை ஒட்டிய நீர்ப்பரப்பு