ரீலின் வேகம்: எதை வாங்குவது?

கேள்வி: தூத்துக்குடிக் கடலோரத்தில் லூர் (செயற்கை இரை) வீசி வஞ்சிரமும் பாரையும் பிடிக்க ஆசை. கடையில் 4.9:1, 6.2:1 என்று இரண்டு ரீல்கள் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர்

பதில்: ஒரே ரீல்தான் என்றால் 6.2:1 வாங்குங்கள். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நரம்பைச் சுருட்டும் ரோட்டர் 6.2 முறை சுற்றும் என்பதே அந்த எண்ணின் பொருள். அதைவிட முக்கியம், ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூண்டில் நரம்பு உள்ளே வருகிறது என்பது. ஸ்பூலில் நரம்புச் சுற்றின் விட்டம் 5 செ.மீ. என்றால், 6.2:1 ரீல் சுமார் 97 செ.மீ. இழுக்கும்; 4.9:1 சுமார் 77 செ.மீ.தான்.

வஞ்சிரம் விரைந்தோடும் இரையைத் துரத்தும் மீன். உலோக ஜிக்கை வேகமாக இழுக்கவும், பாப்பர் லூரைத் தட்டியபின் தொய்யும் நரம்பைச் சுருட்டவும், மீன் உங்களை நோக்கி ஓடிவந்தால் தளர்வு விழாமல் காக்கவும் வேகம் வேண்டும். கழிமுகத்தில் கொடுவாவுக்கு மெல்ல நகர்த்தவும், ஆழத்தில் இறங்கும் லூரை இழுக்கவும் 4.9:1 நல்லது; கை சோராது. ஆனால் வேக ரீலை மெதுவாகச் சுற்றலாம். மெதுவான ரீலை ஓரளவுக்கு மேல் விரட்ட முடியாது.

பெரிய பாரை மாட்டினால் கைப்பிடியோடு மல்லுக்கட்டாதீர்கள். தூண்டில் கோலை உயர்த்தி மீனை இழுங்கள், தாழ்த்தும்போது சுற்றுங்கள்.