விகுதியை நம்பாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

தாராவியைப் பற்றி நீ அனுப்பிய ராப்பைக் கேட்டேன். குரல் கணீரென்று இருக்கிறது, கோபமும் பொய்யில்லை. ஆனால் வரிக்கு வரி வந்தேன், நின்னேன், சொன்னேன், ஜெயிச்சேன் என்று ஒரே சுவரில் போய் முட்டுகிறாய். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வரும். ‘நான்’ என்று பேசினால் ‘ஏன்’ அதன் வாலாகக் கூடவே வரும். இலக்கணம் இலவசமாகத் தரும் இயைபை உன் திறமைக் கணக்கில் எழுதாதே. இந்தி, இங்கிலீஷ் சொல்லுக்கெல்லாம் ‘பண்ணேன்’ மாட்டி முடிப்பது அதைவிடச் சோம்பேறித்தனம்.

நன்னூல் பகுபதத்துக்கு ஆறு உறுப்பு சொல்கிறது: பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம். நீ விகுதி ஒன்றையே பிடித்துத் தொங்குகிறாய். எதுகையைப் பகுதியில் வை. ஒரு வரி ‘முடங்கிக் கிடந்தோம்’ என்று எழுந்தால் அடுத்தது ‘தடத்தை அழிச்சவன் யார்’ என்று எழட்டும். முடிவு எப்படியோ போகட்டும்.

ஸ்பானிஷில் பாடுகிறவனுக்கு வேறு வசதி உண்டு. ‘அப்லோ’வில் முதல் அசையை அழுத்தினால் ‘பேசுகிறேன்’. கடைசி அசையை அழுத்தினால் ‘பேசினான்’. ஆளும் காலமும் சேர்ந்தே மாறிவிடும். நம்மிடம் அழுத்தத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. பீட் எங்கே விழுந்தாலும் வந்தேன் வந்தேன்தான். இங்கே ஒரு மெய்யெழுத்து அந்த வேலையைச் செய்யும். ‘அடங்குனோம்’ என்றால் பணிந்தது நாம். ‘அடக்குனோம்’ என்றால் பணிந்தது எதிராளி. இரண்டும் நிரை நிரை, கருவிளம், அசை காப்பாற்றாது. உன் மூன்றாவது வரியில் பேஸ் சரியாக அந்த இடத்தில் இடிக்கிறது, ங் காணாமல் போகிறது. தாராவி ஜெயித்ததா தோற்றதா என்றே தெரியவில்லை!

வேகத்திலும் மெய்யை விழுங்காமல் சொல்வது எப்படி என்று கேட்க வேண்டுமா? கிங்ஸ் சர்க்கிள் பக்கம் சண்முகானந்தாவிலோ, செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸிலோ, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் இருக்கும் நாளில் போய் உட்கார். தகிட மூன்று, தகதிமி நான்கு. எவ்வளவு ஓடினாலும் ட் ட்-ஆகவே விழும். சபா என்றதும் முகம் சுளிக்காதே.

உங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பாட்டி ‘வாரேன்’ என்பார். நீ சினிமா கேட்டு ‘வர்றேன்’ என்கிறாய். இரண்டும் தேமாதான். வாரேனை நீட்டலாம், வர்றேனை வெட்டலாம். ‘வரேன்’ என்றால் ஒற்றை நிரையாகச் சுருங்கிப் பீட்டுக்கு முன்னால் ஓடிவிடும். மூன்றும் உனக்குக் கைவசம் இருக்க, ஒன்றை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறாய்? 2018இல் ‘காலா’ படப் பாடல்களில் தாராவியின் ராப் குழு டோப்அடெலிக்ஸின் குரல் தமிழ்நாடெங்கும் கேட்டது. உங்கள் பேச்சைக் கேட்க ஆள் உண்டு, பயப்படாதே.

இப்போதைக்கு அந்த மூன்றாவது வரியை மட்டும், பேஸை அங்கே கொஞ்சம் இறக்கி, மறுபடி பாடி அனுப்பு. ‘பண்ணேன்’ ஒன்று காதில் விழுந்தாலும் பாதியில் நிறுத்திவிடுவேன்.

அன்புடன்,
மாட்டுங்கா அண்ணன்